விருப்பம் உள்ளவரை

துபாய்
9 நவம்பர் 1975

அன்புள்ள வசந்தாவுக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அல் கோபாரில் தபால் சரியில்லையா, உனக்கு மனசு சரியில்லையா, தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்தால் ஆபீஸ் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடப் போகிறார். ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை?

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். அம்மா முன்பே போய்விட்டாள், அப்பாவும் உயில் எழுதி வைக்காமல் போய்விட்டார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு என்பதால் நான், நீ, ஜலஜா மூன்று பேருக்கும் சமபங்கு என்று பாளையங்கோட்டை வக்கீல் சொல்கிறார். இருக்கிற வீட்டை மூன்றாகக் கூறு போட்டால் ஆளுக்கு ஒரு ஜன்னல்தான் மிஞ்சும். ஊரில் எத்தனை வீட்டைப் பார்த்துவிட்டோம், நடுவில் சுவர் எழுப்பி, ஒரு பாதி வெள்ளையும் ஒரு பாதி பச்சையுமாக!

என் முதலாளி கிரான்விக் பிரபுவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். பார்லிமெண்டில் இருந்தவர். இப்போது எங்கள் துறைமுகக் கம்பெனிக்குச் சேர்மன். தினமும் காலையில் டெலிபோன் தொல்லை ஆரம்பிக்கும் முன்பு, அவர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொல்ல நான் ஷார்ட்ஹேண்டில் எடுக்கிறேன். அவர்கள் வீடு நானூறு வருஷமாக ஒரு செங்கல் பிரியாமல் நிற்கிறதாம். காரணம், அவர்கள் வழக்கம். மூத்த மகனுக்கு மட்டும்தான் வீடும் நிலமும் பட்டமும். மற்றவர்களுக்குப் படிப்பு, துணிமணி, பாசம். அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. நம் குடும்பத்துக்கும் ஒரு முகம் வேண்டாமா?

எனவே நீயும் ஜலஜாவும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீடு ஒரே பேரில் முழுசாக நிற்கட்டும். ஜலஜா இப்போது இருக்கிற மாதிரியே அங்கே இருக்கப்போகிறாள். அவளை நான் நடுத்தெருவில் விட்டுவிடுவேனா? நீ ஜித்தா எம்பசிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மாப்பிள்ளைக்கு லீவு எப்போது என்று எழுது.

அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள்.

சிவசங்கரன்


அல் கோபார்
24 நவம்பர் 1975

அண்ணனுக்கு,

தபால் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை. கோபத்தில் எழுதி வம்பாகிவிடக் கூடாதே என்று பொறுமையாக இருந்தேன். மூன்றாவது கடிதமும் போட்டு அந்தப் பொறுமையைக் கெடுத்துவிட்டீர்கள்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது நீங்கள் டிராஃப்ட் அனுப்பினீர்கள். நான் டாங் பவுடரும் நைலான் சேலையும் அனுப்பினேன். ஜலஜா என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பு அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, மத்தியானம் மணி அடித்ததும் வெயிலில் ஓடிவந்து துணி மாற்றி, திரும்ப ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டாள். கட்டினவன் ஒரு வருஷத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெண் அவள். அவளுக்கென்று உலகத்தில் இருப்பது அந்த வாத்தியார் வேலையும் அந்த வீட்டில் ஒரு பங்கும்தான். அதில் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு, "இப்போது இருக்கிற மாதிரியே இருக்கப்போகிறாள்" என்கிறீர்கள். இப்போது அவள் தன் வீட்டில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டபிறகு உங்கள் வீட்டில் இருப்பாள். இரண்டும் ஒன்றா?

எனக்கு அந்த வீடு வேண்டாம், பணமும் வேண்டாம். இவர் கை நிறையச் சம்பாதிக்கிறார். நான் சண்டை போடுவது அவளுக்காக.

குடும்பத்துக்கு முகம் வேண்டுமாமே. உங்கள் லார்டுக்கு அக்கா தங்கை கிடையாதா? அவர்கள் முகம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

வசந்தகுமாரி


துபாய்
12 டிசம்பர் 1975

வசந்தாவுக்கு,

சவுதிக்குப் போனதும் வாய் நன்றாக வளர்ந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் மூத்தவனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பாயா? டிராஃப்ட் அனுப்பினேன் என்று குத்திக் காட்டுகிறாய். அந்த டிராஃப்ட் இல்லாவிட்டால் மருந்து மாத்திரை மரத்தில் காய்த்திருக்குமா? எனக்கு லீவு கொடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் உன்னை அனுப்பவில்லை. இரண்டு பேரும்தான் போகவில்லை. என்னை மட்டும் ஏன் கடிக்கிறாய்?

கிரான்விக் பிரபுவைக் கேலி செய்ய உனக்கு ஒரு தகுதியும் கிடையாது. அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டால் தெரியும். பத்தொன்பது வருஷம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு காமன்ஸ் சபையில் உட்கார வைத்த மனிதர். பிரபு வீட்டுப் பிள்ளையாக இருந்துகொண்டு, வாடகைக்குக் குடியிருக்கிற ஏழைகளுக்காகப் பேசினார். "ஒருவன் அடுப்பு மூட்டி வாழ்ந்த வீட்டிலிருந்து அவனை வெளியேற்ற, வீட்டுக்காரனின் மனநிலை ஒரு காரணம் ஆகாது" என்றாராம். அதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்புறம் அவருடைய அப்பா இறந்தார். அவர்கள் சட்டப்படி, அப்பாவின் பட்டம் மகனுக்கு வந்துவிட்டால் காமன்ஸ் சபையில் உட்காரக் கூடாது. பட்டம் வேண்டாம் என்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பதவியில் நீடிக்கலாம். அவருக்கு உயிரே அந்தச் சபைதான். ஆனாலும் பட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டார். குடும்பப் பெயரைத் தன் கையால் அறுக்க மனம் வரவில்லை என்றார். கண் கலங்கியது, நான் பார்த்தேன். இப்போது பிரபுக்கள் சபையில் அங்கத்தினர். அந்த "லார்டு" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இங்கே ஷேக்குகள் எழுந்து நின்று கை கொடுக்கிறார்கள். எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் வருவதே அதனால்தான்.

நீ கேட்டாயே, அக்கா இருக்கிறார். மிஸ் ஈடித். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கிழவர் படுத்த படுக்கையாக இருந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவர். அவரை லார்டு கைவிட்டாரா? மாளிகை வாசலில் கேட் பக்கத்தில் உள்ள வீட்டைக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு பத்திரமும் எழுதியிருக்கிறார். "மிஸ் ஈடித் என்னுடைய விருப்பம் உள்ளவரை அங்கே குடியிருக்கலாம்." எவ்வளவு கௌரவமான வாக்கியம் பார். நம் ஊர் வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இது வருமா?

ஜலஜாவுக்காக இதே வாக்கியத்தை நம் பத்திரத்திலும் சேர்த்திருக்கிறேன். தமிழில் நானே எழுதினேன். "சகோதரி ஜலஜா, மேற்படி வீட்டில் அண்ணன் சிவசங்கரனின் விருப்பம் உள்ளவரை குடியிருந்து வரலாம்." இனி உனக்கு என்ன குறை? பத்திர நகல் இதோடு இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்.

சிவசங்கரன்


அல் கோபார்
3 ஜனவரி 1976

அண்ணனுக்கு,

உங்கள் பத்திரத்தைப் படித்தேன். கிழித்துப் போட்டேன். இவர் அதைப் பொறுக்கி ஒட்டப் பார்த்தார், சின்னக் கலாட்டாவாகிவிட்டது. அண்ணன் தங்கை சண்டையில் நான் ஏன் தபால்காரனாக இருக்க வேண்டும் என்கிறார். அவர் பாடு அப்படி.

கேட் பக்கத்து வீடு என்று எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்! நம் ஊரில் கேட் பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள்? வாட்ச்மேன் இருப்பான். சபையில் எழுந்து நின்று ஊரான் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசிய மனுஷன், அப்பாவுக்கு மலம் அள்ளிய மகளை வாட்ச்மேன் வீட்டில் வைத்தாராம். உங்களுக்குப் புல்லரித்ததாம். அக்காவின் அடுப்பு மட்டும் அடுப்பு இல்லையா? யாரோ வீட்டுக்காரனுடைய மனநிலை காரணம் ஆகாது, இவருடைய விருப்பம் மட்டும் காரணம் ஆகுமா? அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்களே, ஒரு இடத்திலாவது பேனா நிற்க வேண்டாமா?

விருப்பம் உள்ளவரை! அது என்றைக்குத் தீரும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு உங்கள் மகனுக்குக் கல்யாணம் வந்தால் தீருமா? அண்ணிக்கு ஜலஜா முகம் பிடிக்காமல் போனால் தீருமா? தினமும் காலையில் எழுந்து, அண்ணனுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கோலம் போட வேண்டும்.

நீங்கள் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். சூட்டும் டையும் போட்ட ஒருத்தர் சொன்னார் என்பதற்காக, கூடப்பிறந்தவளை ஒண்டுக்குடி ஆக்கப் பார்க்கிறீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை ஜலஜாவுக்கு அனுப்பிவிடாதீர்கள். அண்ணன் கேட்டால் அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவாள். நம் வீட்டில் உங்களை எதிர்த்துப் பேசத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். அவளை விட்டுவிடுங்கள்.

வசந்தகுமாரி


துபாய்
19 பிப்ரவரி 1976

வசந்தாவுக்கு,

நீ எழுதியதில் ஒன்று மட்டும் சரி. ஜலஜா கேட்பாள். அவளுக்கு அண்ணன் மேல் மரியாதை இருக்கிறது. இங்கே தேரா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற கௌஸ் முகைதீன் பாய் லீவில் காயல்பட்டினம் போகிறார். அவர் கையில் பத்திரத்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன். பாளையங்கோட்டையில் இறங்கி நேரில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

உன் கையெழுத்தை நீயே பத்திரமாக வைத்துக்கொள். அதில்லாமல் பூமி சுற்றாமல் நின்றுவிடாது. கலாஸ், முடிந்தது. இந்த விஷயத்தில் இனி உன்னோடு எனக்குப் பேச்சில்லை.

சிவசங்கரன்


அல் கோபார்
28 மார்ச் 1976

அண்ணனுக்கு,

பேச்சில்லை என்று எழுதினீர்கள். எனக்கும் ஆசையில்லை. ஜலஜாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன். வாரம் தவறாமல் எழுதுகிறவள். நான் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. இங்கே டெலிபோன் போட்டுப் பேசலாம் என்றால் அங்கே யார் வீட்டில் போன் இருக்கிறது?

என்ன செய்து வைத்தீர்கள்? கையெழுத்துப் போட்டாளா? போட்டபிறகு என்ன சொன்னாள்? மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு உங்கள் மேல் வருகிற கோபத்தில் இந்த ஊர் வெயில் தோற்றுவிடும்.

வசந்தகுமாரி


துபாய்
16 மே 1976

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதத்துக்கு நான் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. ஜலஜா மார்ச் மாதமே பத்திரத்தைப் பதிவு செய்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டாள். கூட ஒரு வரிகூட இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் அண்ணிக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்தேன். உனக்குப் பெருமையாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளிப் போட்டேன். இப்போது வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் படி.

லார்டு தன் மாளிகையை விற்கிறார். கிழவர் இறந்ததற்கு அரசாங்கம் போட்ட வரியைக் கட்டி மாளவில்லையாம். இங்கே ஒரு பெரிய வியாபாரி வாங்குகிறார். ஹோட்டல் அறையில் மேஜை முழுக்க அந்த வீட்டின் போட்டோக்களைப் பரப்பி வைத்து, லார்டே ஒவ்வொன்றாகக் காட்டினார். குதிரை லாயம், நூலகம், குளம். கேட் பக்கத்து வீடும் அதில் இருந்தது. "இதில் யார் இருக்கிறார்கள்?" என்று வியாபாரி கேட்டார். "யாரும் இல்லை" என்றார் லார்டு. நான் பக்கத்தில் பேடும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மிஸ் ஈடித் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், விமானத்திலிருந்து நேராக எங்கள் ஆபீஸுக்கு. எழுபது வயசிருக்கும். மே மாத வெயிலில் கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியோடு வந்து நின்றார். நான் உள்ளே போய் லார்டிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "நான் லண்டன் போயிருப்பதாகச் சொல்லிவிடு, சிவா" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி.

நான் வெளியே வந்து சொன்னேன். வசந்தா, ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னேன். எத்தனை வருஷ செக்ரட்டரி வேலை! அந்த அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, "சின்ன வயதில் அப்பா கூப்பிட்டால் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்வான். அவன் குதிரை ஏறப் போயிருக்கிறான் என்று நான்தான் பொய் சொல்வேன். இப்போது அந்த வேலை உங்களுக்கா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அப்புறம், அவனுடைய விருப்பம் முடிந்துவிட்டது என்று வக்கீல் கடிதம் போட்டிருக்கிறார், இலையுதிர் காலத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார், அவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நீயாக இருந்திருந்தால் அந்த ஆபீஸையே இரண்டாக்கியிருப்பாய்.

மறுநாள் காலையில் லார்டு வழக்கம்போல வாழ்க்கை வரலாற்றைத் தொடர்ந்தார். வாடகைக் குடிகளுக்காகப் பேசிய பேச்சில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமாம். என் கை ஓடவில்லை. ஜுரம் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளாக டியூட்டிக்குப் போகவில்லை. அந்த மனுஷனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்த உன் மேலும் கோபமாக வருகிறது. எப்போதும் நீதான் சரியாக இருக்க வேண்டுமா?

எனக்கு அந்தப் பத்திரம் வேண்டாம். ஜலஜாவின் பங்கை அவள் பேருக்கே திரும்ப எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அவளுக்கும் எழுதிவிட்டேன், பதில் வரவில்லை. நீ ஜூனில் லீவில் போகிறாய் என்று அண்ணி சொன்னாள். நேரில் போய் அவளிடம் சொல். நான் மனசறிந்து அவளைக் கீழே வைக்கவில்லை என்று சொல்.

அண்ணன்
சிவசங்கரன்


பாளையங்கோட்டை
21 ஜூன் 1976

அண்ணனுக்கு,

நீங்கள் ஜலஜாவுக்குப் போட்ட கடிதம் வாசல் கதவுக்கு அடியில் கிடந்தது. உறை பிரிக்கவில்லை. என்னுடைய கடிதங்களும் பக்கத்திலேயே கிடந்தன. வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி எதிர்வீட்டுச் சரசு அக்காவிடம் இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸிலிருந்து வந்த அன்றைக்கே ஜலஜா துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துக்கு அதற்கு முன்பே மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறாள். அப்பா வாங்கிய பாத்திரம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

நேற்று அவளைப் போய்ப் பார்த்தேன். ஒரு நெல் வியாபாரி வீட்டு மாடியில் ஒற்றை அறை. அவள் என்னைக் கண்டதும் சிரித்தாள், காப்பி போட்டாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது. "அண்ணன் உன்னப் போகவா சொன்னாரு? எதுக்குட்டி இப்படி வந்து கிடக்க?" என்று சத்தம் போட்டேன்.

"அண்ணன் போகச் சொல்லலக்கா. இருக்கச் சொல்லியிருந்தாரு. அதான் வந்துட்டேன்" என்றாள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நான் எழுதினேனே, அது தப்பு. சப்-ரிஜிஸ்திரார் முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்று தடுத்தும் பத்திரத்தைக் கொடுத்தனுப்பினீர்கள். அவளைப் பற்றி உங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மே மாதம் நீங்கள் எனக்குப் போட்ட கடிதத்தை முழுதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வெள்ளைக்காரம்மா பெட்டியோடு நின்ற இடம் வந்ததும், "அவங்க அப்புறம் எங்க போனாங்கக்கா? தங்க இடம் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவே மாட்டீர்கள். டாக்ஸியில் ஏற்றியதோடு உங்கள் டியூட்டி முடிந்துவிட்டது, இல்லையா?

பங்கைத் திருப்பி எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா விட்டுட்டுப் போனது போயிட்டுக்கா. இனிம அண்ணன் எழுதிக் குடுத்தா, அது அண்ணன் குடுத்ததுதான. குடுத்த வீட்டுல என்னால இருக்க முடியாது. எனக்கு அண்ணன் மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

அவளுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. நீங்கள் துபாயில் ஒரு மனுஷனிடம் மயங்கினீர்கள், தெளிந்தீர்கள், இரண்டு நாள் ஜுரம் என்று படுத்தீர்கள். முடிந்தது. இவளுக்கு எதுவும் முடியவில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்றில் ஒரு பங்கு இன்னும் என்னுடையது. அது எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கு எழுதினேன். இப்போது வேண்டும். இன்று காலையில் கதவைத் திறந்து, வீட்டைக் கூட்டி, பால் காய்ச்சிவிட்டேன். இவர் ஜூலைக் கடைசிக்குள் அல் கோபாருக்கு வந்து சேரும்படி தந்தி கொடுத்திருக்கிறார். போகப்போவதில்லை. அவரும் எனக்கு அனுமதி கொடுத்துத்தான் அனுப்பினார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நீங்கள் லீவில் வரும்போது தாராளமாக வரலாம். கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே வந்து, இந்த வீட்டில் நான் இருக்கலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

வசந்தகுமாரி